ஜூன் மாதத்துச் சிவப்பு இலை

எங்கள் தெருவில் ஒரு சேதி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால், மிசாவோவின் சலவைக் கடைக்குப் போய், "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தால் போதும். சாயங்காலத்துக்குள் ஏரிக்கரையில் சிப்பி விற்கிறவள் வரைக்கும் போய்விடும். கெட்ட மனசு என்று அவளைச் சொல்ல முடியாது. கொடுத்த சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பிக் கொடுக்கிற மாதிரியே கேட்ட சேதியையும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தன்னிடம் எதையும் வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அப்படிப்பட்ட மிசாவோ ஒரே ஒரு விஷயத்தைப் பதினோரு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தாள். அதுவும் எங்கள் நடுவிலேயே, எங்களோடு உட்கார்ந்து பத்து மணித் தேநீரும் மூன்று மணித் தேநீரும் குடித்துக்கொண்டே. யாருக்கும் சந்தேகம்கூட வரவில்லை. யார் காதுக்குப் போகக் கூடாதோ அவரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளே வாயைத் திறந்தாள். எங்கள் தெருவுக்கு இன்றுவரை ஆறாத மனக்குறை அது.

விஷயம் எதிர்வீட்டு நோபுயோவைப் பற்றியது.

நோபுயோவும் மிசாவோவும் ஒரே வருஷம் மணமாகி எங்கள் ஊரான மட்சுவேவுக்கு வந்தவர்கள். மிசாவோவின் புருஷன் நாற்பது வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். நோபுயோவின் புருஷன் கடிகாரம் பழுது பார்க்கிற தொகுஜி. பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊரில் தேநீர் குடிக்காத வீடு கிடையாது. ஆனால் குடிக்கிறது வேறு, நோபுயோ குடிக்கிறது வேறு. வீட்டின் பின்பக்கம் தரையில் நாலரைக் கோரைப் பாய் பதிக்கிற அளவில் ஒரு தேநீர் அறை வைத்திருந்தாள். அங்கே உட்காரும் விதம், கிண்ணத்தைத் திருப்பும் விதம், மூச்சு விடும் விதம் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. அந்த முறையெல்லாம் முப்பது வருஷமாகத் தப்புவதற்கென்றே பிறந்தவள் மிசாவோ.

தேநீருக்கு முன்னால் வரும் இனிப்பை மூங்கில் குச்சியால் சின்னச் சின்னதாக நறுக்கி, நிதானமாகச் சாப்பிட வேண்டும். மிசாவோ அப்படியே எடுத்து வாய்க்குள் போட்டுக்கொள்வாள்.

"அது வாயா, தபால் பெட்டியாடி?" என்பாள் நோபுயோ.

"உள்ள போறது ஒண்ணுதானே. எத்தனை துண்டா போனா என்ன?"

"உனக்கு இனிப்பு கொடுக்கறதும் மேட்டுல தண்ணி ஊத்தறதும் ஒண்ணு."

இதைவிடப் பெரிய தகராறு பருவத்தைப் பற்றியது. இனிப்பு எப்போதும் பருவத்துக்கு ஓர் அடி முன்னால் நடக்க வேண்டும். பிளம் பூ மொட்டு விடுவதற்கு முன்பே பிளம் பூ இனிப்பு தட்டில் பூத்துவிட வேண்டும். மரத்தில் பூ உதிர்ந்த பிறகு அதைத் தட்டில் வைத்தால் அவமானம். ஒரு வருஷம் மார்ச் மாதக் கடைசியில் மிசாவோ கடையில் மிச்சமிருந்த பிளம் பூ இனிப்பை விலை மலிவு என்று வாங்கிக்கொண்டு போனாள். நோபுயோ டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "உதிர்ந்த பூவ எதுக்குடி என் முன்னால கொண்டு வந்து வைக்கிற? கல்யாண வீட்டுல செத்தவங்க படத்த மாட்டற மாதிரி." அன்றிலிருந்து தெருவில் யாராவது தேதி மறந்தால் "மிசாவோ ஆயிட்டியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மிசாவோவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஏப்ரலில், ஒரு நாள் முற்பகல், நோபுயோவைச் சேர்த்திருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தொகுஜி தனியாக நடந்து வந்தார். நல்ல வெயில். அவர் குடையை விரித்துப் பிடித்திருந்தார். மிசாவோ ஏற்கெனவே பெருக்கிய வாசலை இன்னொரு தடவை பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வருகிற நேரம் அவளுக்குத் தெரியும்.

"என்ன அண்ணா, டாக்டர் என்ன சொல்றார்? நோபுயோவ எப்ப வீட்டுக்கு அனுப்புவாங்களாம்?"

முப்பது வருஷமாக அவள் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பதுதான் தொகுஜியின் பதில். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. குடையைக் கை மாற்றினார். பிறகு கொட்டிவிட்டார். புற்று. வயிறு முழுக்கப் பரவிவிட்டது. திறந்து பார்த்து அப்படியே தைத்துவிட்டார்கள். இலையுதிர்காலம் வரைக்கும் தாங்காது.

அந்தக் காலத்தில் இந்த மாதிரி நோயை நோயாளியிடம் சொல்கிற வழக்கம் கிடையாது. வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொல்வார்கள். வீட்டுக்காரர் வெளியே வந்து சிரித்த முகத்தோடு "சாதாரண வயித்துப் புண்ணுதானாம்" என்று சொல்ல வேண்டும். தொகுஜியும் அப்படியே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான், தான் யாரிடம் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. பழுது பார்க்க வந்த கடிகாரத்தைக் கிணற்றில் நழுவவிட்டவனைப் போல முகம் போயிற்று. குடையை மடக்கினார். நடுத்தெருவில் இடுப்பு வரைக்கும் குனிந்தார்.

"மிசாவோ, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துடுவா. இந்த ஒண்ணு மட்டும்..."

"நிமிருங்கண்ணா, யாராவது பாப்பாங்க" என்றாள் மிசாவோ. பார்த்தோம். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "அவர் சட்டைக் காலரைக் கருக்கிட்டேன், நான் மன்னிப்புக் கேட்டா அவர் திருப்பிக் கேக்கறார்" என்றாள். நாங்களும் நம்பினோம். கருக்கக்கூடியவள்தான்.

வாயை எப்படிக் காத்தாள் என்பது தனிக்கதை. கடைக்கு ஆள் வந்தால் துணி மாட்டுகிற கிளிப்பு இரண்டை உதட்டில் கவ்விக்கொள்வாள். கேட்டதற்கெல்லாம் "ம்", "ம்ம்". பல் வலி என்று நாங்கள் நினைத்தோம். ஒரு நல்ல பல் வைத்தியரின் பெயரைக்கூட யாரோ எழுதிக் கொடுத்தார்கள்.

மே மாதம் நடுவில் நோபுயோ வீட்டுக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள், நாக்கு மட்டும் இளைக்கவில்லை. தொகுஜி அவளுக்குக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகும்போது விசிலடித்தார். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட விசிலடிக்காத மனிதர். பழைய ரயில்வே விளம்பரப் பாட்டு ஒன்றை, பாதி காற்றும் பாதி ராகமுமாக. சின்ன வியாதிதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்த விதத்தில் அறிவித்தார்.

மிசாவோ ஏரிச் சிப்பி சூப் எடுத்துக்கொண்டு போனாள். படுக்கையிலிருந்தே நோபுயோ திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் நவம்பருக்குள்ள தேநீர் அறைக்குப் புதுப் பாய் போட்டுடணும்டி. பாய்க்காரன்கிட்ட இப்பவே சொல்லி வைக்கச் சொல்லியிருக்கேன். அவனுங்க கடைசி நேரத்துல கழுத்தறுப்பானுங்க."

நவம்பரில் தரை அடுப்பைத் திறப்பார்கள். கோடை முழுக்கப் பாய்க்கு அடியில் மூடிக் கிடந்த குழியடுப்பைத் திறந்து, சாம்பல் பரப்பி, கரி மூட்டி, அந்த வருஷத்துப் புதுத் தேயிலையை முதல் தடவையாகக் குடிக்கிற நாள். தேநீர்க்காரர்களுக்கு வருஷமே அன்றைக்குத்தான் பிறக்கிறது. அன்றைக்குத் தட்டில் சிவந்த மேப்பிள் இலை இனிப்பு இருக்கும். நோபுயோ வருஷம் முழுக்க வாழ்வதே அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று நாங்கள் கேலி செய்வோம்.

"நவம்பர்ல எல்லாம் சரியாயிடும்" என்றாள் நோபுயோ. "நீ அன்னைக்காவது இனிப்ப நறுக்கித் தின்னுடி."

"ம்" என்றாள் மிசாவோ. வீட்டுக்கு வந்து இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடியே நின்றாள். அன்றைக்கு உண்மையாகவே ஒரு சட்டை கருகிற்று.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முட்டாள்தனமான யோசனை. அவளுக்கு வேறு மாதிரி வந்ததும் இல்லை. நோபுயோவால் நவம்பர் வரைக்கும் போக முடியாது. நவம்பரை இங்கே கொண்டு வந்துவிட்டால்? அந்தச் சிவப்பு இலையை அவள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும். ஏன் இப்போது என்று கேட்டால், காரணம் தேடவே வேண்டாம். "மிசாவோதானே, மாசம் குழம்பிட்டா" என்று ஊரே சொல்லும். நோபுயோ திட்டுவாள். முப்பது வருஷ வழக்கப்படி நன்றாகத் திட்டுவாள். சேதி வெளியே வராது, இலையும் போய்ச் சேர்ந்துவிடும். தன் முட்டாள் பட்டம் ஒரு நாளாவது உபயோகப்படட்டும் என்று நினைத்தாள்.

தெருமுனை இனிப்புக் கடை மோரியோவிடம் போனாள். முப்பத்து நாலு வயசு, தகப்பனைவிடக் கைவேலைக்காரன், தகப்பனைவிட வாய்த் துடுக்கு.

"மே மாசத்துல மேப்பிள் இலையா? அத்தை, அதுக்குப் பதிலா கடை வாசல்ல வச்சு என்னைச் செருப்பால அடிங்க."

"விக்கறதுக்கு இல்லடா. எனக்குச் செய்யக் கத்துக் கொடு. நவம்பர்ல என் கையால செஞ்சு அந்த நோபுயோவ வாயடைக்க வைக்கணும்."

"அதுக்கு இப்பவே எதுக்கு?"

"என் கையப் பத்தி உனக்குத் தெரியாதா?"

மோரியோ அவள் கைகளைப் பார்த்தான். "அதுவும் சரிதான். அஞ்சு மாசம் போதுமான்னு யோசிக்கறேன்."

தினமும் காலையில், கடை திறப்பதற்கு முன்னால், மிசாவோ அங்கே போனாள். வெள்ளை மொச்சையை வேகவைத்துத் தோலெடுத்து, சல்லடையில் தேய்த்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் கிளறிய விழுது. அதோடு கொஞ்சம் பசையரிசி மாவு சேர்த்துப் பிசைந்தால் குழந்தையின் காது மடல் மாதிரி மெத்தென்று வரும். அதில் ஒரு பங்குக்குச் சிவப்பு, ஒரு பங்குக்கு மஞ்சள். இரண்டையும் ஒட்டவைத்து, உள்ளங்கையில் தட்டி, நிறம் ஒன்றுக்குள் ஒன்று கசிகிற மாதிரி அழுத்த வேண்டும். நடுவில் செம்பயறு உருண்டையை வைத்து, கையைச் சுற்றிச் சுற்றி மூட வேண்டும். அதற்குப் பிறகுதான் மூங்கில் கத்தியால் நரம்பு கீறி, விரல் நுனியால் ஒவ்வொரு முனையாக இழுத்து இலையாக்குவது.

முதல் நாளே மாவு அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை.

"அத்தை, இது கையா அடுப்பா? மாவு வேகுது."

ஒரு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்தான். கையை அதில் முக்கி, துடைத்து, ஒரு தட்டு தட்டி, மறுபடி முக்கி. விரல் விறைத்துப் போகும். ஒரு வாரம் கழித்து வந்த முதல் இலையை மோரியோ ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு இன்னொரு பக்கம் சாய்ந்து பார்த்தான்.

"இலைன்னு நீங்க சொன்னதால நம்பறேன். எனக்கென்னவோ லாரி ஏறின தவளை மாதிரி இருக்கு."

"தவளைக்கு முனை அஞ்சு இருக்குமாடா?"

"காலு நாலு, தலை ஒண்ணு. கணக்கு சரியாத்தான் வருது."

கெட்டுப்போனதையெல்லாம் மிசாவோவே சாப்பிட்டாள். நாலு வாரத்தில் முகம் உப்பிற்று. விடியற்காலையில் இனிப்புக் கடைக்குள் நுழைகிறாள், கடை திறக்கும்போது வெளியே வருகிறாள், கன்னம் வேறு பளபளக்கிறது. எங்கள் தெரு இதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்காமலா இருக்கும்? மோரியோவின் தகப்பனும் மனைவியை இழந்தவர்தான். அந்தச் சேதி மிசாவோவின் காதுக்கே வந்தது. அவள் மறுக்கவில்லை. அவள் மறுக்காத முதல் வதந்தி அதுதான். கிளிப்பைக் கவ்விக்கொண்டு "ம்" என்றாள்.

ஜூன் மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, மோரியோ வேறு வேலையாகக் கடந்து போனவன் நின்றான். அவளுடைய பலகையில் ஓர் இலை இருந்தது. ஒரு முனை மஞ்சளில் ஆரம்பித்து, நடுவில் நெருப்பு நிறமாகி, மறு முனையில் அடர்ந்த சிவப்பு.

"அத்தை, இது நிஜமாவே இலைதான்."

மிசாவோ ஐஸ் தண்ணீரில் கையை வைத்தபடியே அழ ஆரம்பித்தாள்.

"ஐயையோ, நல்லா இருக்குன்னதுக்கா? வாபஸ் வாங்கிக்கறேன். தவளைதான் இது, தவளை!"

வியாழக்கிழமைதோறும் தொகுஜி மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவார். மூன்று மணிக்கு முன்னால் திரும்ப மாட்டார். அந்த வியாழக்கிழமை மழை. மிசாவோ இரண்டு இலைகளை மரப்பெட்டியில் வைத்து, தெருவைக் கடந்து போனாள்.

"இன்னைக்கு நான் தேநீர் போடப் போறேன்" என்றாள்.

"நீயா?" நோபுயோ தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அதைப் பாக்காம நான் செத்தா கட்டை வேகாதுடி."

மிசாவோ போர்வையை விலக்குகிற சாக்கில் குனிந்துகொண்டாள். நோபுயோ சிரித்துக்கொண்டிருந்தாள். வெறும் பேச்சுதான்.

அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, மெல்லிய கிமோனோவைச் சுற்றிவிட்டு, தோளோடு தோள் சேர்த்துத் தேநீர் அறைக்கு நடத்திக்கொண்டு போனாள். இஸ்திரி போட்டு மடித்த துணியைத் தூக்குகிற கனம்தான் இருந்தது. பெரிய விருந்தாளி உட்காரும் இடத்தில் நோபுயோ உட்கார்ந்தாள். சுவரில் சாயச் சொன்னதற்கு, "விருந்தாளி சாயக் கூடாது" என்று முதுகை நேராக வைத்துக்கொண்டாள். மாடத்தில் மிசாவோ ஒரே ஒரு நீலக் கொத்துமலரைச் செருகியிருந்தாள். வேலியோரம் எல்லா வீட்டிலும் அப்போது பூத்துக் கிடந்த ஜூன் மாதப் பூ.

"பரவால்லையே. பூ மட்டும் மாசம் தப்பாம வந்திருக்கு" என்றாள் நோபுயோ.

மிசாவோ கறுப்புத் தட்டைக் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்து, குனிந்து வணங்கி, பின்னால் நகர்ந்தாள். திட்டுக்குக் காத்திருந்தாள். 'ஏண்டி அறிவு கெட்டவளே' என்று ஆரம்பிக்கும். 'மாடத்துல ஜூன், தட்டுல நவம்பர், உன் தலையில என்னடி' என்று போகும். அதற்கு என்ன பதில் என்பதையும் அவள் தயாராக வைத்திருந்தாள். "எனக்குச் செய்யத் தெரிஞ்சது இது ஒண்ணுதான், வேணும்னா தின்னு." கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தும் இருந்தாள்.

நோபுயோ தட்டைப் பார்த்தாள்.

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. கணப்பின் மேல் தண்ணீர் சலசலக்கத் தொடங்கியிருந்தது. நோபுயோ தலை நிமிரவில்லை. மிசாவோ வாசலைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்தாள். திட்டு வரவில்லை.

கடைசியில் நோபுயோ இரண்டு கையையும் பாயில் ஊன்றி, பெரிய விருந்தாளி கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய முறையில் கேட்டாள்.

"இந்த இனிப்புக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?"

அந்த மரியாதை மிசாவோவைக் கலக்கிவிட்டது. இந்த முப்பது வருஷத்தில் நோபுயோ அவளை 'நீங்க' என்று அழைத்ததே இல்லை. "முதல் பனி" என்றாள், காற்றாக. இலை சிவப்பது அந்தப் பனியில்தான்.

"யார் வச்சது?"

"நான்தான்."

"நல்ல பேர்" என்றாள் நோபுயோ.

முப்பது வருஷத்தில் அவள் மிசாவோவை ஒரு தடவைகூடப் பாராட்டியதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று மிசாவோவுக்கு அப்போது தெரிந்தது. தூக்கத்தில்கூட உளறிவிடக் கூடாது என்று ரேடியோவைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள். இரண்டு மாதம் அவளுடைய வாய் காத்ததைக் கை சொல்லிவிட்டது. உதிர்ந்த பூ இனிப்பை மிசாவோ ஒரு தடவை வாங்கி வந்தாள், மலிவு என்று. ஆனால் நாலு வாரம் விரல் விறைக்க யாரும் தப்பான மாதத்தைச் செய்ய மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே, நாற்பது வருஷம் இனிப்பைப் பார்த்துப் பருவத்தைப் படித்தவள் நோபுயோ. ஐந்து மாதம் முந்தி வந்த இலையை அவளால் படிக்க முடியாதா?

"நான் போய் அதை... மாத்தி... மோரியோகிட்ட..." என்றாள் மிசாவோ.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"வயித்துப் புண்ணு இல்லையா?"

மிசாவோ வாயை இறுக்கினாள். கிளிப்பு இல்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

"சரி, சொல்லாத. சொல்லாம இருக்கக் கத்துக்கிட்டியே, உன் ஜென்மத்துக்கு அதுவே பெரிசு." நோபுயோ மூங்கில் குச்சியை எடுத்தாள். இலையின் நடு நரம்பில் வைத்து மெதுவாக அழுத்தினாள். "அவருக்குத் தெரியுமா?"

மிசாவோ ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

"ஏப்ரல்."

"ஏப்ரல்லேர்ந்தா..." குச்சி பாதியில் நின்றது. "ஏப்ரல்லேர்ந்து தெரிஞ்சுக்கிட்டா அந்த மனுஷன் விசிலடிச்சுக்கிட்டுக் கஞ்சி கொண்டு வரார்?"

அதுவரைக்கும் நேராக இருந்த முதுகு அப்போதுதான் தளர்ந்தது. கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டாள். மிசாவோ எழுந்து பக்கத்தில் போகலாமா என்று தெரியாமல் முழங்காலிலேயே தவித்தாள். வீட்டுக்காரி இடத்தில் உட்கார்ந்தவள் விருந்தாளியைத் தொடலாமா என்பதற்கு முறை என்னவென்று அவளுக்குத் தெரியாது. முறை தெரிந்தவள் அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு நோபுயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதி இலையைச் சாப்பிட்டாள். சின்னச் சின்னதாக, நிதானமாக. மீதிப் பாதியை மடித்த வெள்ளைக் காகிதத்தில் சுற்றி கிமோனோக் கைக்குள் செருகிக்கொண்டாள். சாப்பிட முடியாததை விருந்தாளி அப்படி எடுத்துக்கொண்டு போவது வழக்கம்தான்.

"இது நவம்பருக்கு" என்றாள். "மிசாவோ, எனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா விசில நிறுத்திடுவார். அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காரணும். என்னால முடியாது. அவராலயும் முடியாது. சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"எப்பவும்?"

"எப்பவும்."

"அப்ப தேநீரப் போடு. தண்ணி கொதிச்சுக் கொதிச்சு வத்திடுச்சு. உன்னைப் போய் வீட்டுக்காரி இடத்துல உக்கார வச்சேன் பாரு."

தேநீர் கட்டி தட்டிப் போயிருந்தது. நோபுயோ மூன்றரை மிடறில் முறைப்படி குடித்து முடித்து, கிண்ணத்தைத் துடைத்து, "நல்லா இல்ல" என்றாள். மிசாவோவுக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் உயிர் வந்தது.

அந்தக் கோடை முழுக்க மிசாவோ இரண்டு ரகசியங்களுக்கு நடுவில் சூப் கிண்ணத்தோடு நடந்தாள். வாசலில் தொகுஜி நிறுத்துவார்: "அவளுக்குச் சந்தேகமே இல்ல மிசாவோ. இன்னைக்குக்கூட நவம்பர் பாயப் பத்தித்தான் பேச்சு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல." உள்ளே நோபுயோ தாழ்ந்த குரலில் சொல்வாள்: "இன்னைக்கு விசில் ரெண்டாவது அடியில தடுக்கிடுச்சு. ராத்திரி தூங்கல போல. நீ கொஞ்சம் அவருக்குச் சாப்பாடு கொடுத்துட்டுப் போடி." அவர் காதில் விழ வேண்டுமென்றே, "பாய்க்காரன் வந்தானா? ஓரத்துப் பட்டை பச்சையில வேணும்னு சொன்னீங்களா?" என்று சத்தம் போடுவாள். சமையலறையிலிருந்து உடனே விசில் கிளம்பும்.

செப்டம்பர் பதினாறாம் தேதி நோபுயோ போனாள். மரங்கள் எல்லாம் பச்சையாகவே இருந்தன. சாவு வீட்டில் மிசாவோ ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் வாயை அடைத்துவிட்டது என்று நாங்கள் ஆச்சரியப்பட்டோம்.

அக்டோபர் கடைசியில் பாய்க்காரன் சொன்ன தேதிக்கு வந்து, பச்சைப் பட்டை வைத்த புதுப் பாய் போட்டுவிட்டுப் போனான். நவம்பர் முதல் வாரம் தொகுஜி தெருவைக் கடந்து வந்தார்.

"அடுப்பத் திறக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாளே. எனக்கு எதுவும் தெரியாது. நீங்க வந்து... ஏதோ உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி."

மிசாவோ காலையிலேயே மோரியோவின் கடைக்குப் போய் மூன்று இலைகள் செய்தாள். இந்த முறை கடை முழுக்க அதே இலைதான். மோரியோ எதுவும் கேலி பேசவில்லை. ஐஸ் தண்ணீரை அவனே எடுத்து வைத்தான்.

புதுப் பாயின் கோரை வாசம் அறை முழுக்க இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கரியை மூட்டுவதற்குள் கண் எரிந்து போயிற்று. ஓர் இலையை நோபுயோவின் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். ஒன்று தொகுஜிக்கு, ஒன்று மிசாவோவுக்கு. தொகுஜி தன் தட்டைப் பார்த்தவர், எதையோ நினைத்துக்கொண்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைக் கொண்டு வந்தார்.

"இதப் பாருங்க. அவ கிமோனோ மடிப்புக்குள்ள இருந்துச்சு."

பிரித்தார். பாதி இலை. கல்லாக இறுகி, நிறம் செத்து, ஓரத்தில் சாம்பல் பூத்திருந்தது. மூங்கில் குச்சி அழுத்திய இடம் மட்டும் நேர்கோடாக அப்படியே இருந்தது.

"போன நவம்பர்ல சாப்பிட்டதோட மிச்சமா இருக்கும்" என்றார் தொகுஜி. "ஒரு வருஷமா வச்சிருந்திருக்கா பாருங்க. இந்த நவம்பரும் வரும்னு நெனச்சுக்கிட்டே." அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை, திரும்ப மடித்தார். "கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமலே போயிடுச்சு மிசாவோ. அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி. நீங்க சொல்லிடுவீங்களோன்னு எத்தனை நாள் பயந்திருக்கேன். உங்களப் போய்ச் சந்தேகப்பட்டேனே. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, இல்ல?"

அவர் பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தார். படத்திலிருந்து நோபுயோவும் பார்த்துக்கொண்டிருந்தாள். மிசாவோவின் வாய் திறந்தது.

திறந்த வாய்க்குள், தட்டிலிருந்த இலையை அப்படியே முழுசாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு கன்னமும் உப்பின. மூச்சு விடக்கூட இடமில்லை. கண்ணில் தண்ணீர் வர, படத்தைப் பார்க்காமல், மேலும் கீழும் தலையை ஆட்டினாள்.

"அவ இருந்திருந்தா திட்டியிருப்பா" என்றார் தொகுஜி.

மிசாவோ மென்றுகொண்டே இருந்தாள்.